லண்டனில் இருந்து மாஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம்?

லண்டன் நகரில் ஒரு ரஷியப் பெண் குடியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி அங்கேயே வேலை பார்க்கிறாள். அவளுடைய தாய் மாஸ்கோவில் தனியாக இருக்கிறாள். ஒரு நாள் விடியற்காலையில் டெலிபோன் மணி அடிக்கிறது. பேசுவது பக்கத்து வீட்டுக்காரி.

"உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உடனே புறப்பட்டு வா."

பெண் பதறிப் போகிறாள். கையில் கிடைத்த துணிமணிகளைப் பெட்டியில் அடைக்கிறாள். அவள் எப்போது போய்ச் சேருவாள்?

இந்தச் சேதி 2019-ம் ஆண்டில் வந்திருந்தால், "இன்று ராத்திரிக்குள் வந்துவிடுவேன்" என்று அவள் சொல்லியிருப்பாள். சொன்னபடியே வந்தும் இருப்பாள். 2022-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

லண்டன் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாஸ்கோவும் நகர்ந்து போகவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அன்றும் 2,500 கிலோ மீட்டர்; இன்றும் 2,500 கிலோ மீட்டர். ஆனால் பிரயாண நேரம் மட்டும் பல மடங்கு நீண்டுவிட்டது!

நூலைப் பிடித்துப் பாருங்கள்

2,500 கிலோ மீட்டர் என்பது நேர்வழியில் அளந்த தூரம். ஆகாயத்தில் எது நேர்வழி? பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் லண்டனையும் மாஸ்கோவையும் கோடு போட்டு இணைத்தால், அது போலந்து நாட்டின் நடுவே போகும். ஆனால் குறுக்குவழி அது அல்ல.

பூமி உருண்டை. படமோ தட்டை. ஆகவே உருண்டையான பூகோள பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை லண்டன் மேலும், மறு முனையை மாஸ்கோ மேலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் கொஞ்சம் வடக்கே வளைந்து நிற்கும். வடகடல், ஜெர்மனியின் வடபகுதி, பால்டிக் கடல், லித்துவேனியா என்று அது போகும். விமானிகளுக்கு அந்த நூல்தான் குறுக்குவழி. வேறு எந்த வழியில் போனாலும் தூரம் கூடும்.

முதலில் போனவரின் கதை

இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே போக்குவரத்து தொடங்கிய கதை சுவையானது. சோகமானதும் கூட.

1553-ம் ஆண்டு மே மாதம் லண்டனில் இருந்து 3 கப்பல்கள் புறப்பட்டன. அவை மாஸ்கோவுக்குப் போகப் புறப்பட்டவை அல்ல. வடக்குக் கடல் வழியாகச் சீனாவுக்கு வழி கண்டுபிடிக்கப் போனவை! தலைவர் சர் ஹியூ வில்லோபி. வழி காட்டும் மாலுமி ரிச்சர்ட் சான்சலர். இங்கிலாந்தின் மன்னர் ஆறாம் எட்வர்டு, "எந்த நாட்டு அரசராக இருந்தாலும் இவர்களுக்கு உதவ வேண்டும்" என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்.

நார்வே நாட்டுக் கரையோரம் புயல் அடித்தது. கப்பல்கள் பிரிந்தன. வில்லோபியின் 2 கப்பல்கள் ஒரு பக்கம். சான்சலரின் கப்பல் ஒரு பக்கம்.

சான்சலர் தனியாகவே போனார். ஆகஸ்டு மாதம் ரஷியாவின் வெள்ளைக் கடலில், திவினா ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்த மீனவர்கள் அவ்வளவு பெரிய கப்பலைக் கண்டு மிரண்டார்கள். மாஸ்கோவில் இருந்த ஜார் மன்னர் நான்காம் ஐவானுக்குத் தகவல் போயிற்று. "பயங்கர ஐவான்" என்று சரித்திரம் சொல்லுகிறதே, அவர்தான். அவர் சான்சலரை அழைத்தார். பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் ஏறி, ஏறக்குறைய 1,000 கிலோ மீட்டர் தரைவழியாகப் போய், சான்சலர் மாஸ்கோவை அடைந்தார். லண்டனை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

மன்னரின் கடிதத்தை ஐவானிடம் கொடுத்தார். ஆனால் அதை எழுதிக் கொடுத்த மன்னர் ஜூலை மாதமே இறந்துபோயிருந்தார்! அது சான்சலருக்குத் தெரியாது. இறந்து போனவரின் கடிதத்தைத்தான், உயிரோடு இருப்பவரின் கடிதமாக நினைத்து அவர் நீட்டினார். அந்தக் காலத்தில் சேதி போன வேகம் அவ்வளவுதான்.

வில்லோபி என்ன ஆனார்? அவருடைய 2 கப்பல்களும் வடக்கே ஒரு கரையில் பனியில் மாட்டிக்கொண்டன. உதவிக்கு ஆள் தேடி நாலா பக்கமும் ஆட்களை அனுப்பினார்கள். மனித வாடையே இல்லை. மறு ஆண்டு ரஷிய மீனவர்கள் அந்தக் கப்பல்களைக் கண்டார்கள். உள்ளே ஒருவர் கூட உயிரோடு இல்லை. கப்பலில் கிடைத்த ஓர் உயில், 1554-ம் ஆண்டு ஜனவரி வரை அவர்கள் உயிரோடு இருந்ததைக் காட்டியது.

சான்சலரின் முடிவும் நல்லபடியாக இல்லை. முதல் தடவை பத்திரமாக ஊர் திரும்பினார். 1555-ம் ஆண்டு ரஷியாவோடு வர்த்தகம் செய்ய லண்டனில் ஒரு கம்பெனியே ஏற்பட்டது. அவர் மறுபடியும் போனார். 1556-ம் ஆண்டு ஜூலையில், ரஷியாவின் முதல் தூதர் ஓசிப் நெப்பேயாவை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். நவம்பர் மாதம் ஸ்காட்லாந்து கரையில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. தூதர் கரையேறிவிட்டார். சான்சலர் கடலில் மூழ்கி இறந்தார்.

அந்தத் தூதர் லண்டன் வந்து சேர்ந்தபோது 1557-ம் ஆண்டு பிப்ரவரி ஆகிவிட்டது. கப்பல் ஏறி ஏழு மாதம்!

சக்கரத்தை மாற்றும் ரெயில்

ரெயில் வந்த பிறகு மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. லண்டனில் இருந்து வருகிறவர் கப்பலில் கடலைக் கடந்து, பெர்லின், வார்சா வழியாக ரெயிலில் வருவார். இரண்டு மூன்று நாளில் மாஸ்கோ வந்துவிடும்.

வழியில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெரும்பாலும் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லி மீட்டர். ரஷியாவில் 1,520 மில்லி மீட்டர். நாலு விரற்கடை வித்தியாசம்தான். ஆனாலும் ரெயில் அப்படியே போக முடியாது. ஆகவே எல்லையில் உள்ள பிரெஸ்ட் என்ற ஊரில், பெட்டிகளை ஜாக்கி வைத்து அப்படியே மேலே தூக்குவார்கள். கீழே உள்ள சக்கரத் தொகுதியை உருட்டிவிட்டு, அகலமான வேறு சக்கரங்களைப் பொருத்துவார்கள். பிரயாணிகள் இறங்க வேண்டியது இல்லை. பெட்டி அந்தரத்தில் நிற்கும்போதே உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம்!

வானத்தில் வந்த அதிசயம்

1956-ம் ஆண்டு மார்ச் மாதம். லண்டன் விமான நிலையத்தில் பளபளவென்று ஒரு ஜெட் விமானம் வந்து இறங்கியது. அதன் பெயர் டி.யு.104. சோவியத் நாட்டில் செய்தது. குண்டு வீசும் விமானத்தின் அமைப்பில் இருந்து மாற்றிச் செய்த பிரயாணி விமானம் அது.

இங்கிலாந்துக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். காரணம் உண்டு. உலகத்தின் முதல் ஜெட் பிரயாணி விமானமான "காமெட்" அவர்கள் செய்தது. அது அடுத்தடுத்து விபத்துக்கு உள்ளானதால், 1954-ம் ஆண்டே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரஷியர்கள் ஜெட் விமானத்தில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்!

அடுத்த மாதம் சோவியத் தலைவர்கள் குருசேவும் புல்கானினும் லண்டனுக்கு விஜயம் செய்தார்கள். அவர்கள் அந்த விமானத்தில் வரவில்லை. போர்க் கப்பலில்தான் வந்தார்கள். விமானம் அப்போதும் சோதனையில் இருந்தது.

1950-களின் கடைசியில் இரு நாட்டு விமானங்களும் ஒழுங்காகப் போய்வரத் தொடங்கின. இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று பகையாக முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு பக்கமும் அணுகுண்டுகள் குவிந்து கிடந்தன. அப்போதுகூட லண்டன் - மாஸ்கோ விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. இது கவனிக்க வேண்டிய விஷயம்.

கணக்கு இடிக்கிறதே!

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு சுமார் 850 கிலோ மீட்டர் வேகத்தில் போகும். 2,500 கிலோ மீட்டருக்கு 3 மணி நேரம் போதுமே? ஆனால் டிக்கெட்டில் ஏறக்குறைய 4 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

விமானத்தின் கதவை மூடினவுடனே அது பறந்துவிடாது. லண்டன் போன்ற பெரிய நிலையத்தில், தரையில் ஊர்ந்து போய், வரிசையில் நின்று, முறை வந்த பிறகுதான் ஓட வேண்டும். பிறகு 10 கிலோ மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. இறங்கும்போதும் அப்படியே. இறங்கும் இடத்தில் வேறு விமானங்கள் இருந்தால் வட்டம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு மணி நேரம்.

காற்றும் ஒரு காரணம். அந்த உயரத்தில் பெரும்பாலும் மேற்கில் இருந்து கிழக்கே பலமான காற்று வீசும். லண்டனில் இருந்து மாஸ்கோ போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். ஆகவே போவதைவிட வருவதற்குக் கால் மணி, அரை மணி கூடுதலாகும்.

ஆனால் டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தைப் பார்த்தால் தலைகீழாக இருக்கும்!

குளிர்காலத்தில் மாஸ்கோ கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட 3 மணி நேரம் முந்தியது. காலை 10 மணிக்கு லண்டனில் கிளம்பினால், 4 மணி நேரம் கழித்து, மாஸ்கோவில் மாலை 5 மணிக்கு இறங்கலாம். திரும்பி வரும்போது காலை 10 மணிக்கு மாஸ்கோவில் ஏறினால், நாலேகால் மணி நேரம் பறந்த பிறகும் லண்டனில் மணி பதினொன்றேகால்தான்! போக 7 மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம் என்று புது ஆள் நினைத்துவிடுவார்.

கோடைக்காலத்தில் இந்த வித்தியாசம் 2 மணி நேரம்தான். இங்கிலாந்தில் கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். ரஷியாவில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். 2011-ம் ஆண்டு, கோடை நேரத்தையே வருஷம் முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். விளைவு? மாஸ்கோவில் டிசம்பர் மாதம் காலை 10 மணிக்குத்தான் சூரியன் உதித்தது. குழந்தைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2014-ம் ஆண்டு அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி, அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

கதவு மூடியது

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி ரஷியப் படைகள் உக்ரைன் நாட்டுக்குள் புகுந்தன. அன்றே ரஷியாவின் ஏரோபிளாட் விமானங்கள் வரக்கூடாது என்று இங்கிலாந்து தடை போட்டது. மறுநாள் ரஷியா பதிலடி கொடுத்தது. இங்கிலாந்தின் விமானங்கள் தன் நாட்டுக்கு வரவும் கூடாது, தன் வானத்தில் பறக்கவும் கூடாது என்றது. 27-ந்தேதி ஐரோப்பிய யூனியன் நாடுகளும் தங்கள் வானத்தை ரஷிய விமானங்களுக்கு மூடின. பகை முற்றியிருந்த பழைய காலத்திலும் ஓடிய விமானம், நான்கே நாளில் நின்று போயிற்று.

பூகோள பொம்மையின் மேல் பிடித்த அந்த நூலை, யாரோ நடுவில் கத்தரித்துவிட்டது போல் ஆயிற்று.

இனி அந்தப் பெண் எப்படிப் போவாள்?

பலர் போகும் வழி இஸ்தான்புல் வழி. துருக்கி நாடு ரஷியாவுக்கு விமானம் விடுவதை நிறுத்தவில்லை. ஆகவே லண்டனில் ஏறி இஸ்தான்புல் போய், அங்கே வேறு விமானம் மாற வேண்டும். இதில் ஒரு விசித்திரம். லண்டனில் இருந்து இஸ்தான்புல் எவ்வளவு தூரம்? அதுவும் 2,500 கிலோ மீட்டர்தான்! மாஸ்கோவுக்குப் போகும் தூரம் முழுவதையும் பறந்து தீர்த்த பிறகு, அவள் மாஸ்கோவில் இல்லை. வேறு ஒரு நாட்டில் நிற்கிறாள். இன்னும் 1,750 கிலோ மீட்டர் பாக்கி இருக்கிறது.

அந்த 1,750 கிலோ மீட்டரையும் நேராகப் போக முடியாது. நேர்வழி உக்ரைன் மேலே போகிறது. அங்கே போர். 2014-ம் ஆண்டு ஜூலையில் கிழக்கு உக்ரைன் மேல் பறந்த மலேசிய விமானம் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் மாண்டார்கள். அதை யாரும் மறக்கவில்லை. ஆகவே விமானம் கருங்கடலின் கிழக்குக் கோடி வரை போய், அங்கே வடக்கே திரும்பி, சுற்றிக்கொண்டு போகிறது. முன்பு 3 மணி நேரத்துக்குள் முடிந்த பிரயாணம் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மாறும் இடத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால், வீட்டில் கிளம்பி ஆஸ்பத்திரி வாசலில் இறங்க அரை நாளுக்குக் குறையாது. போதாக்குறைக்கு, 2023-ம் ஆண்டு முதல், ஆள் இல்லாத குட்டி விமானங்களின் தாக்குதலுக்கு அஞ்சி மாஸ்கோ விமான நிலையங்களைத் திடீர் திடீரென்று சில மணி நேரம் மூடுவதும் பல தடவை நடந்திருக்கிறது. அப்போது வானத்தில் இருக்கிற விமானம் வேறு ஊரில் போய் இறங்க வேண்டியதுதான்.

துபாய் வழியாகவும் போகலாம். லண்டனில் இருந்து துபாய் 5,500 கிலோ மீட்டர். துபாயில் இருந்து மாஸ்கோ 3,700 கிலோ மீட்டர். ஆக 9,200 கிலோ மீட்டர்! மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது இதுதான்.

பாலத்தில் நிற்கும் பெட்டிகள்

நடந்தே எல்லையைத் தாண்டுகிறவர்களும் உண்டு.

எஸ்தோனியா நாட்டில் நார்வா என்று ஒரு நகரம். நார்வா ஆற்றின் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை ரஷியா; ஊர் ஐவான்கோரத். இந்தக் கரையில் ஒரு பழைய கோட்டை. அந்தக் கரையிலும் ஒரு பழைய கோட்டை. இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துப் பார்த்துக்கொண்டு பல நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. எதிர்க்கரைக் கோட்டையை 1492-ம் ஆண்டு கட்டியவர், சான்சலர் பார்த்த ஐவானின் பாட்டனார்.

நடுவில் ஒரு பாலம். அதற்கு "நட்புப் பாலம்" என்று பெயர்!

2024-ம் ஆண்டு பிப்ரவரியில், வேலை நடக்கிறது என்று சொல்லி, ரஷியா தன் பக்கத்தில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியது. மனிதர்கள் நடந்துதான் போக வேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டு மே மாதம் முதல், எஸ்தோனியா தன் பக்கத்து வாசலை இரவில் மூடத் தொடங்கியது. ஆகவே பகலில் கூட்டம் நெரிந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு கிழவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், மருந்து மூட்டையோடு பிள்ளைகள் என்று வரிசை நீண்டது. பனிக்காலத்தில் அந்த வரிசையில் மணிக்கணக்காக நிற்பது லேசான காரியம் அல்ல.

அந்தப் பெண் இந்த வழியில் போனால், லண்டனில் இருந்து எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்கு விமானத்தில் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து நார்வாவுக்கு 210 கிலோ மீட்டர் பஸ். பிறகு வரிசை, பிறகு பாலம், பிறகு சோதனை. அக்கரையில் இருந்து பீட்டர்ஸ்பர்க் நகருக்கு 150 கிலோ மீட்டர் மறுபடியும் பஸ். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து மாஸ்கோவுக்கு 650 கிலோ மீட்டரை அதிவேக ரெயில் 4 மணி நேரத்தில் கடந்துவிடும். எல்லாம் சேர்த்து 2,800 கிலோ மீட்டர்தான். தூரம் என்று பார்த்தால் இஸ்தான்புல் வழியைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தச் சின்னஞ்சிறு பாலத்தில் எத்தனை நேரம் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு விந்தை. டெல்லியில் இருந்து மாஸ்கோ 4,300 கிலோ மீட்டருக்கு மேல். ஆனால் 2022-க்குப் பிறகும் டெல்லிக்கும் மாஸ்கோவுக்கும் நேர் விமானம் ஓடுகிறது. ஆறு ஏழு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ரஷியாவில் டாக்டருக்குப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வசதியை அறிவார்கள். ஐரோப்பாவிலேயே உள்ள லண்டனைவிட, இமயமலைக்குத் தெற்கே உள்ள டெல்லி மாஸ்கோவுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது!

அந்தப் பெண் கடைசியில் இஸ்தான்புல் வழிக்கே டிக்கெட் வாங்குகிறாள். "இன்று வர முடியாது. நாளைக் காலையில் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று டெலிபோனில் சொல்லுகிறாள். லண்டனில் ஏறுகிறாள். 4 மணி நேரம் பறக்கிறாள். இஸ்தான்புல் நிலையத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்காக ஒரு நாற்காலியில் உட்காருகிறாள்.

எதிரே பெரிய கடிகாரம். கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்கிறாள். மாஸ்கோ போய் அதை மறுபடியும் மாற்ற வேண்டியது இல்லை. இஸ்தான்புல்லிலும் மாஸ்கோவிலும் ஒரே மணிதான். தாய்க்கு இப்போது மாத்திரை கொடுக்கும் நேரம் என்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிகிறது. விமானம் புறப்பட இன்னும் 3 மணி நேரம் இருக்கிறது.